கரிசல் ஊரில் முதல் வருடம்: நாலு செம்மறி, ஒரு புறவாசல் தோட்டம், ஒரு நாள் கடல்

விளாத்திகுளத்திலிருந்து வேம்பார் கடற்கரை முப்பது கிலோமீட்டருக்குள்தான். இருந்தும், நாங்கள் சென்னையை விட்டு இந்தப் பக்கம் குடிவந்த முதல் 14 மாதங்களில் ஒரு தடவைகூடக் கடலைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருந்தோம். முதலில் ஆடு வாங்கினோம். அப்புறம் பட்டி போட்டோம். தோட்டத்துக்கு வேலி கடைசியாக வந்தது. அதற்குள் ஆடுகள் கத்தரிச் செடிகளை இரண்டு முறை மேய்ந்து முடித்திருந்தன. யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் காவல் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை.

இப்போது ஏழாவது வருடம். இந்த ஊரில் எந்த வேலையும் கடினமில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் இருக்கிறது, அந்த வரிசை தப்பினால்தான் கஷ்டம். புதிதாகக் கிராமத்துக்கு வருபவர்கள் என்னிடம் கேட்கும்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன். விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் பக்கத்துக் கரிசல் பூமியை வைத்து எழுதுகிறேன். செம்மண் ஊர்க்காரர்கள் மண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆனி, ஆடி: வேலியும் பட்டியும்

ஆடு வாங்கும் ஆசையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் வேலி.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் சில வெடிப்புகளுக்குள் முழங்கை வரை கையை விடலாம். இந்த மண்ணில் கல்தூணோ மரக்காலோ சும்மா குழி தோண்டி நட்டால் இரண்டு மழைக்குள் சாய்ந்துவிடும். குழியை இரண்டடி ஆழம் எடுத்து, தூணைச் சுற்றிலும் அந்தக் கரிசலையே திரும்பப் போடாமல், சரள் கொட்டி இடித்து நிறுத்துங்கள். சுற்றிலும் ஐந்தடி உயரக் கம்பி வலை கட்டுங்கள். வலையின் அடிப்பக்கம் மண்ணுக்குள் அரையடி இறங்கியிருக்கட்டும். நான் இதில் இத்தனை கறாராக இருப்பதற்குக் காரணம் தெருநாய்கள். இங்கே ஆடு வைத்திருப்பவர்களுக்கு நோயைவிடப் பெரிய பயம் அதுதான். நாலைந்து நாய்கள் சேர்ந்து ஒரு ராத்திரி உள்ளே புகுந்துவிட்டால் காலையில் மிஞ்சுவது எதுவும் இருக்காது.

வேலியோரமாக கிளுவைக் குச்சிகளை நட்டு வையுங்கள். மழையில் துளிர்த்து இரண்டு மூன்று வருடத்தில் உயிர்வேலி ஆகிவிடும். சாமிக்குப் பூ வேண்டுமென்று அரளி மட்டும் வேலியில் வைத்துவிடாதீர்கள். அரளி இலை கொஞ்சம் தின்றாலே ஆட்டின் உயிர் போய்விடும். ஆமணக்கும் ஆட்டுக்கு எட்டும் இடத்தில் வேண்டாம்.

பட்டிக்கு வீட்டு நிலத்திலேயே மேடான இடம் பாருங்கள். இல்லையென்றால் ஓரடி உயரத்துக்குச் சரள் அடித்து மேடாக்குங்கள். ஈரக் கரிசலில் நாலு நாள் நின்றால் ஆட்டின் குளம்பு அழுகத் தொடங்கும். ஓர் ஆட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி இடம் போதும். கூரை பனையோலை. தகரம் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். ஆடிக் காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகும், ஆகவே மேலே குறுக்குக் கம்பு வைத்துக் கட்டுங்கள். ஆடிக் காற்றைத் தாங்கிய கூரை ஐப்பசி மழையையும் தாங்கும்.

ஆவணி, புரட்டாசி: தோட்டம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று எல்லோருக்கும் தெரியும். அதை நம்பி ஆடியில் விதைத்து ஏமாந்த புது ஆட்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன். இந்தப் பக்கம் மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசி, கார்த்திகைதான் எங்களுக்கு மழை மாதங்கள். மானாவாரிக் காட்டில் உளுந்து, பாசி, கம்பு, சோளம், மல்லி எல்லாம் புரட்டாசியில்தான் விதைப்பு. வீட்டுத் தோட்டமும் அதே கணக்குதான்.

ஆவணியில் கத்தரி, மிளகாய் நாற்று மட்டும் ஒரு சின்னப் பாத்தியில் பாவிவிடுங்கள். ஓலைத் தட்டியால் நிழல் கட்டி, காலையில் பூவாளியால் நனைத்தால் 35, 40 நாளில் நாற்று கைக்கு வந்துவிடும். மழை விழுந்து மண் பதப்படும்போது நடுவதற்கு அது தயாராக இருக்கும்.

'பதம்' என்ற சொல்லை இங்கே அடிக்கடி கேட்பீர்கள். காய்ந்த கரிசலில் மண்வெட்டி இறங்காது. நனைந்த கரிசல் செருப்போடு அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. இரண்டுக்கும் நடுவில் சில நாள்தான் மண் நமக்கு இடம் கொடுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். சப்பென்று அப்படியே ஒட்டிக்கொண்டால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் மிதித்துக் கொத்திய கரிசல் காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகிவிடும், அந்தப் பருவம் முழுக்க அங்கே வேர் இறங்காது.

தண்ணீர் தேங்காதபடி முக்கால் அடி மேட்டுப்பாத்தி போடுங்கள். கத்தரிக்கு இரண்டடி இடைவெளி, வெண்டைக்கு ஓரடி, சீனியவரைக்கும் (கொத்தவரை) ஓரடி. சுரையும் பீர்க்கும் பட்டிக் கூரைக்குப் பக்கத்தில் ஊன்றினால் கூரையே பந்தல். முருங்கைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட வேண்டுமானால் குழியில் பாதிக்கு மணலும் சரளும் போட்டு நடுங்கள். வெறும் கரிசலில் மழைத்தண்ணீர் நின்று போத்து அழுகிவிடும்.

உரத்துக்கு நாங்கள் முதல் வருடம் செய்தது தவறு. பக்கத்துக் காட்டில் ராத்திரி ஆடுகளை அடைக்கும் கிடையிலிருந்து நாலு சாக்கு ஆட்டுப்புழுக்கை வாங்கி நேராகச் செடி மூட்டில் கொட்டினோம். புழுக்கை கல் மாதிரி அப்படியே கிடந்தது. மழை பெய்ததும் கத்தரிக்குப் பதில் சீமைக்கருவேலம் முளைத்தது. ஆடுகள் அதன் நெற்றை விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்துவிடும். அதனால் இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, புழுக்கை, பட்டிக் குப்பை, காய்ந்த இலை எல்லாம் அடுக்கி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து மூன்று மாதம் மக்க விடுங்கள். சூட்டில் முக்கால்வாசி விதை செத்துவிடும். மக்கியதைச் செடிக்கு இரண்டு கை வைத்தால் போதும். 'ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்' என்பார்கள். ஆட்டெரு வைத்த பருவத்திலேயே பலன் தெரியும். இதற்காகத்தான் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், காசு கொடுத்துத் தங்கள் காட்டில் ஆட்டுக்கிடை போடச் சொல்கிறார்கள்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டை போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும்.

நீங்கள் நடாத ஒன்றும் உங்கள் தோட்டத்தில் வரலாம். ஐப்பசி மழைக்கு வேலியோரம் மெல்லிய கொடி ஒன்று படரும். அதலைக்காய். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கோடை முழுக்கத் தூங்கி, மழைக்கு எழுந்து வரும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். பாகற்காய் மாதிரிக் கசப்பு, விரல் நீளம்கூட இருக்காது. பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் வெடித்து விதை சிதறிவிடும், ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒரு நாள் தாங்கும். வெங்காயம் நிறையப் போட்டு வதக்கி, கம்மஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் அது தனி ருசி. விருதுநகர், தூத்துக்குடி கரிசல் சந்தைகளில் மழைக்காலத்தில் மட்டும் கிடைக்கும். வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் இதற்காகவே பஸ்ஸில் பை கொடுத்து விடச் சொல்வார்கள்.

தை: இப்போது ஆடு வாங்கலாம்

மழை ஓய்ந்து, உளுந்தும் பாசியும் அறுத்து, காடு திறந்துவிடும் மாதம் தை. அறுத்த காட்டில் யார் ஆடும் மேயலாம். புல்லும் இருக்கும், பயற்றம்பொட்டும் கொடியும் களத்தில் மலிவாகக் கிடைக்கும். மழைக்கு முன்னால் ஆடு வாங்கினால், நமக்கும் பழக்கமில்லாத, ஆட்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில் மழைக்கால நோய்களைச் சந்திக்க வேண்டியிருக்கும். புதியவர்களுக்குத் தைதான் நல்லது என்பது என் முடிவு.

செம்மறியா வெள்ளாடா என்று கேட்பார்கள். தோட்டமும் வைக்கப் போகிறீர்கள் என்றால் செம்மறி. அது தலை குனிந்து மேயும் பிராணி. வெள்ளாடு நிமிர்ந்து, முன்னங்காலைத் தூக்கி, வேலி ஏறித் தின்னும். இந்தப் பக்கத்து வேம்பூர் ஆடு வெள்ளையில் சிவப்புத் திட்டுத் திட்டாக, உயரமாக இருக்கும். மதுரை, தூத்துக்குடி சாலையில் இருக்கும் வேம்பூரின் பெயர்தான் அதற்கு. கம்பளி வெட்ட வேண்டுமா என்று சென்னை நண்பர்கள் கேட்டார்கள். வேண்டாம். இவற்றுக்குக் குட்டையான முடிதான், எங்கள் வெயிலுக்கு ஏற்ற உடம்பு.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. விடியும் முன்பே லாரிகள் வந்துவிடும். முதல் இரண்டு வாரம் போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். விலை பிடிபடும், கண் பழகும். ஆனால் வாங்குவதை உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ தெரிந்த மந்தையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சந்தை ஆடு எங்கே மேய்ந்தது, ஊசி போட்டதா என்று யாருக்கும் தெரியாது. மந்தைக்காரருக்கு ஒவ்வோர் ஆட்டின் தாயையும் தெரியும்.

நான் வாங்கப் போனபோது ஆட்டின் வாயைத் திறக்கப் போனேன். மந்தைக்காரப் பெரியவர் கையைத் தட்டிவிட்டார். "பல்லைப் பாக்கதுக்கு முந்தி நடையைப் பாரு தம்பி. நொண்டுற ஆடு வயித்துக்கு மேயாது." ஆக, முதலில் நடை. மந்தையோடு ஒட்டி நடக்கிறதா, பின்தங்குகிறதா என்று கால் மணி நேரம் பாருங்கள். அப்புறம் கண். கீழ் இமையை விரலால் மெதுவாக இழுத்தால் உட்பக்கம் ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது. வாலடி கழிச்சல் ஒட்டாமல் சுத்தமாக இருக்கட்டும். மடியைத் தொட்டுப் பாருங்கள், கட்டி இருந்தால் வேண்டாம். கடைசியில் பல். ஆட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், எட்டு. ஒரு வயதுக்கு மேல், ஒன்றரை வயதுக்குள் நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருக்கும். அதன் பின் வருடத்துக்கு ஒரு ஜோடி என்று நாலு, ஆறு, எட்டு. நாலு பல் ஆடு, குட்டியோடு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். தாய்மை தெரிந்த ஆடு உங்களுக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

எத்தனை வாங்குவது? நாலு பெட்டை. ஒன்றை மட்டும் வாங்கிக் கட்டிப்போட்டால் அது மேயாமல் கத்திக் கத்தியே மெலியும். செம்மறிக்குக் கூட்டம் வேண்டும். கிடா வேண்டாம். ஒரு கிடா இருபத்தைந்து, முப்பது ஆட்டுக்குப் போதும், நாலு ஆட்டுக்கு ஒன்றைத் தீனி போட்டு வைப்பது வீண். ஆடி மாதம் ஊர் மந்தையோடு விட்டால் மார்கழியில் குட்டி. சினைக்காலம் 150 நாள், முன்னே பின்னே இரண்டு மூன்று நாள்.

அன்றாடம்

மழைக்காலத்தில் பனி காயும் முன் மேய்ச்சலுக்கு விடாதீர்கள். ஈரப் புல்லின் நுனியில்தான் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும். எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் விடுங்கள். கோடையில் நேர்மாறாக, விடிந்ததும் விட்டு பத்தரைக்குள் நிழலுக்குக் கொண்டுவந்து, மறுபடி நாலு மணிக்கு. தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும், கோடையில் ஓர் ஆட்டுக்கு ஐந்து லிட்டராவது கணக்கு வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள், ஊர் மந்தைக்காரரிடம் மாதக் கூலிக்குப் பேசித் தங்கள் ஆட்டையும் சேர்த்து விடலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, இளஞ்சோளம். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் சோளப்பயிரிலும், அறுத்த தாளில் மறுபடி துளிர்க்கும் குருத்திலும், மழையில்லாமல் வாடிய பயிரிலும் சயனைடு விஷம் ஏறியிருக்கும். பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும், ஆடும் ஆசையாக ஓடும். தின்று நிமிடக் கணக்கில் மூச்சிரைத்து, நுரை தள்ளி விழுந்துவிடும். மருத்துவர் உடனே வந்து ஊசி போட்டால் பிழைக்கும், அதற்கு நேரம் கிடைப்பது அபூர்வம். காய்ந்த தட்டையில் பயமில்லை.

இரண்டாவது, சோறு. எங்கள் இரண்டாம் வருடம், பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் ஒரு அண்டா நிறையக் கொண்டுவந்து எங்கள் பட்டியில் வைத்தார்கள். நானும் சந்தோஷமாக வாங்கி வைத்தேன். மறுநாள் காலை, மூத்த ஆடு அசை போடவில்லை. வயிற்றைத் தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம். புளித்த வாடையோடு கழிச்சல். மருத்துவர் வருவதற்குள் கழுத்தை வளைத்துப் படுத்துவிட்டது, மாலை வரை தாங்கவில்லை. அடுத்த வீட்டு ஆச்சி சொன்னார்: "ஏய்யா, இனிமே ஆட்டுக்குச் சோறு வைக்காதீக. அது புல்லு திங்கிற வயிறு." சோறு, அரிசி, மாவு எதுவானாலும் பழக்கமில்லாமல் மொத்தமாகத் தின்றால் இரைப்பையில் புளித்து அமிலமாகிவிடும். அந்த அண்டாவை நான் இன்னும் மறக்கவில்லை.

தடுப்பூசிக்குக் கால்நடை மருந்தகத்தில் உங்கள் ஆடுகளின் எண்ணிக்கையைச் சொல்லி வையுங்கள். மழைக்கு முன் துள்ளுமாரிக்கு வருடம் ஒருமுறை கட்டாயம். புது மழைப் புல்லைத் தின்று நன்றாக இருந்த ஆடு ராத்திரியில் துள்ளி விழுந்து சாவது அந்த நோய்தான். ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று மாதம் தாண்டிய குட்டியிலிருந்து போடலாம், மூன்று வருடம் தாங்கும். கோமாரி, நீலநாக்கு, அம்மைக்கு எப்போது என்று மருத்துவர் சொல்வார். குடற்புழு மருந்து ஆட்டின் எடைக்குத் தக்கபடிதான் கொடுக்க வேண்டும், கண் அளவில் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

மார்கழி ராத்திரி

முதல் குட்டி பிறக்கும் ராத்திரிக்குத் தயாராக இருங்கள். ஆடு கூட்டத்தை விட்டு மூலைக்குப் போகும். தரையைக் காலால் சுரண்டும், படுக்கும், எழும். மடி விறைத்திருக்கும். தண்ணீர்க்குடம் உடைந்த பின் இரண்டு முன்னங்குளம்புகளும் அவற்றின் மேல் ஒரு சின்ன மூக்கும் தெரிந்தால் எல்லாம் சரி. தள்ளி நில்லுங்கள். ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றாலோ, ஒரு கால் மட்டும் வந்தாலோ, மருத்துவரையோ அனுபவமுள்ள மந்தைக்காரரையோ கூப்பிடுங்கள். நீங்களாக இழுக்காதீர்கள்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியை மட்டும் விரலால் வழித்துவிடுங்கள். உடம்பைத் துடைக்க வேண்டாம். தாய் நக்கட்டும். அந்த வாசனையில்தான் அது தன் குட்டியை அடையாளம் கொள்ளும். தொப்புளை டிங்சர் அயோடினில் முக்குங்கள். அப்புறம் தாயின் காம்பை ஒருமுறை பீச்சிப் பாருங்கள், நுனியில் மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கும், அது போனால்தான் குட்டிக்குப் பால் வரும். அரை மணி நேரத்துக்குள், தவறினால் ஒரு மணிக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். குட்டியின் உடம்பில் நோய் எதிர்ப்பு என்று எதுவும் இல்லை, எல்லாமே அந்தச் சீம்பாலில்தான் வருகிறது. குடிக்கும்போது அதன் வால் படபடவென்று ஆடும். வால் ஆடினால் பால் இறங்குகிறது என்று அர்த்தம். நஞ்சுக்கொடி சில மணி நேரத்தில் விழுந்துவிடும், பன்னிரண்டு மணி நேரமாகியும் விழவில்லை என்றால் மருத்துவர்.

மாசி, பங்குனி: கடல்

கடலுக்குப் போக இதுதான் மாதம். வடகிழக்கு மழை முடிந்து, தென்மேற்குக் காற்று தொடங்கும் முன்பு மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும். வைகாசி பிறந்தால் காற்றில் மணல் முகத்தில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை பார்க்காமல் கிளம்பக் கூடாது. வீட்டிலும் பங்குனியில் வேலை குறைவு. குட்டிகள் இரண்டு மூன்று மாதமாகி மேயப் பழகியிருக்கும். தோட்டத்தில் மிஞ்சியிருப்பது முருங்கையும் கறிவேப்பிலையும் அடுப்படித் தண்ணீர் பாயும் கீரைப்பாத்தியும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். இந்தக் கரையோர ஊர்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவ மீனவர்கள், அன்று கோவிலுக்குப் போவார்கள், கடலுக்குப் போக மாட்டார்கள். மீனும் இருக்காது. சனிக்கிழமை நல்லது.

பத்து நாள் முன்னதாக, ஆட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிடுங்கள். முந்தின நாள் அவரைப் பட்டிக்குக் கூட்டி வந்து, எந்தத் தொட்டி, எவ்வளவு குழை (இலைதழை), எந்த ஆடு முட்டும், எந்தக் குட்டிக்கு மருந்து என்று நேரில் காட்டுங்கள். அன்றைக்கு மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியிலேயே வைத்துவிடுவது பத்திரம். உளுந்தங்கொடி அல்லது காய்ந்த சோளத்தட்டை ஒரு கட்டு, மதியத்துக்கு வாகையோ அகத்தியோ குழை. தொட்டியை ராத்திரியே நிரப்பிவிடுங்கள். மருத்துவரின் எண்ணைப் பட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

ஆறரை மணிக்குள் வேம்பாரில் இருக்கும்படி கிளம்புங்கள். ராத்திரி போன வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம் அது. வலையிலிருந்து மீன் கழற்றுவதைக் குழந்தைகள் அன்றைக்கு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். வலைக்கும் கயிற்றுக்கும் இடையில் நடக்காமல் ஓரமாக நின்று பாருங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். சாளை, ஊளி, பாறை, விளமீன் என்று அன்றன்று என்ன படுகிறதோ அதுதான். செவுள் ரத்தச் சிவப்பாக, கண் தெளிவாக, சதை அமுக்கினால் உடனே எழும்பினால் புது மீன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் என்பதால் விலை ஏறியிருக்கும்.

குளிக்கிற இடத்தை ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆழம் குறைவுதான், ஆனாலும் பாறை, பள்ளம் எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால், அடியில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு எரிந்தால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழையைக் குச்சியால் எடுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 108.

கரையில் நின்றால் வளைகுடாவின் 21 தீவுகளும் தெரியாது. வேம்பாருக்கு எதிரே மட்டும் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி என்று மூன்று இருக்கின்றன. 1986 முதல் தேசியப் பூங்கா. யாராவது படகில் கூட்டிப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள், தீவில் இறங்க அனுமதி இல்லை. அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பவளப்பாறைகளும் கடற்புல்லும், அந்தப் புல்லை மேய வரும் கடல்பசுவும் இருக்கின்றன. எங்கள் ஆடுகளுக்குக் கொழுக்கட்டைப் புல் எப்படியோ, கடல்பசுவுக்கு அந்தப் புல் அப்படி. கரையில் ஒதுங்கிய வெறும் சிப்பியைக் குழந்தை பொறுக்கினால் பரவாயில்லை. உயிருள்ள எதையும், பவளத்துண்டையும் எடுக்கக் கூடாது. கடல் அட்டையைத் தொட்டு எடுப்பதே சட்டப்படி குற்றம்.

பத்து மணிக்கு மேல் மணலில் நிற்க முடியாது. பனங்காட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். பங்குனியில் பதநீர் இறக்கத் தொடங்கியிருப்பார்கள். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்துத் தருவார்கள், இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். ஓலையின் பச்சை வாசத்தோடு அது தொண்டையில் இறங்குவதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம். வேம்பார்ப் பக்கத்துக் கருப்பட்டிக்கு நல்ல பேர். உடைத்தால் உள்ளே பளபளக்காமல் மங்கலான பழுப்பில், வாயில் மெதுவாகக் கரைந்து லேசான கரிப்புத் தட்டினால் வாங்கலாம். வேப்பலோடைப் பக்கமாகத் திரும்புகிறவர்கள் உப்பளத்துக் கல் உப்பும் வாங்கலாம். ஆட்டுக்குத் தீவனத்தோடு ஒரு சிட்டிகை போதும், அதுவும் தண்ணீர் தாராளமாக இருக்கும் நாளில்.

ஆட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு மீன் வாங்காமல் திரும்பாதீர்கள். ஐஸ் போட்டு, ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் நாலு மணி வரை தாங்கும்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகும் முன் பட்டிக்குப் போங்கள். முதலில் எண்ணுங்கள். பின் ஒவ்வோர் ஆட்டின் இடப்பக்கம், விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும் குழியைப் பாருங்கள். மேவியிருந்தால் வயிறு நிறையத் தின்றிருக்கிறது. குழி விழுந்திருந்தால் தின்னவில்லை, ஏனென்று பாருங்கள். மத்தளம் மாதிரி வெளியே தள்ளியிருந்தால் உப்புசம், உடனே மருத்துவர். நாலும் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் போய்க் குளிக்கலாம்.

எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக ஆட்டைப் பார்த்துக்கொள்பவர் அந்த ஆச்சிதான். போன பங்குனியில் என் மனைவி வீட்டில் இருந்துகொண்டு, ஆச்சியை எங்களோடு அனுப்பி வைத்தாள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, என் மகளின் கையைப் பிடித்தபடி ஆச்சி வெகுநேரம் அலைக்குள்ளேயே நின்றார். பதநீர்ப் பட்டையை வாயில் வைக்கும் முன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏய்யா, ஆட்டுக்கு மத்தியானத் தண்ணி வச்சிருப்பாளா? ஒரு போனைப் போட்டுக் கேளுங்க."